ஆப்பிளைக் கடித்தது யார்?

"திருடன் பசியோட வந்திருக்கான் அத்தை," என்றார் மாப்பிள்ளை.

ஆராய்ச்சிக்கூடத்து மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்குள் இருக்க வேண்டிய பல் செட் இல்லை. பக்கத்தில், செட்டுக்கு அளவாக வைத்திருந்த, பிளாஸ்டரில் செய்த பொக்கைத் தாடை ஒன்று, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத மாணவனைப் போல வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கும் பக்கத்தில் ஓர் ஆப்பிள். சிரிக்கிற பல்லின் படம் போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒட்டிய, பளபளப்பான ஆப்பிள். யாரோ ஒரே ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அத்தை குனிந்து பார்த்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துப் பழகிய கண், ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால் துப்பறிய ஆரம்பித்தார். வாய்த்துடுக்கால் கிடைத்த வேலையையெல்லாம் தொலைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை, "அம்மா, இவரையும் கூட்டிக்கிட்டுப் போயேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்று மகள் அவர் தலையில் கட்டினாள். மாப்பிள்ளையாயிற்றே, மரியாதை குறையாமல் திட்ட வேண்டியிருந்தது. அது ஒன்றுதான் அத்தைக்கு இந்தத் தொழிலில் இருந்த கஷ்டம்.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிறீங்களா?"

"பல் ஆஸ்பத்திரியில வாயைத் திறக்கச் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கேன்."

மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பேராசிரியை நிமிர்ந்தார். அவர் அத்தையின் வீட்டு மாடியில் குடியிருப்பவர். இந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் ராத்திரி பகல் பார்க்காமல் ஆராய்ச்சி செய்கிறவர்.

"போலீஸுக்குப் போனா சிரிப்பாங்கக்கா. பல் செட்டைக் காணோம்னு சொன்னா, அவங்க தங்களோட பல்லைக் காட்டுவாங்க. ஆனா அது சாதாரண செட் இல்லை. வழுக்காத செட். பசை போட்டு ஒட்ட வேண்டாம். சிரிச்சா நழுவாது, தும்மினா பறக்காது. மதியம் ஆய்வுக் குழு வருது. காட்டறதுக்குப் பொருள் இல்லைன்னா என் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான். உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு."

"செட்டுன்னா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு இருக்குமே?" என்றார் மாப்பிள்ளை.

அத்தை அவரைப் பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

"காலையில கிண்ணத்துல இருந்ததைப் பார்த்தேன்," என்றார் பேராசிரியை. "இன்னிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குப் பல் முகாம். அவங்க பஸ் வந்துடுச்சுன்னு கீழே போனேன். திரும்பி வந்தா இந்த ஆப்பிள்தான் இருக்கு. இந்தக் கடியைப் பாருங்க. சொந்தப் பல்லுன்னா கொஞ்சமாவது கோணல்மாணலா இருக்கும். இது ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. என் செட்தான் கடிச்சிருக்கு!"

"அதாவது திருடன் அங்கேயே மாட்டிப் பார்த்திருக்கான்," என்றார் அத்தை. "கடிச்சுப் பார்த்திருக்கான். பிடிச்சுப்போச்சு, அப்படியே வாயில போட்டுக்கிட்டுப் போயிட்டான். அப்ப அவன் வாயில சொந்தப் பல் கிடையாது."

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான்," என்றார் மாப்பிள்ளை. "பல்லில்லாத ஆளைப் பிடிக்கணும். அதுவும் பல் ஆஸ்பத்திரியில. கடற்கரைக்குப் போய் மணலைத் தேடற மாதிரி."

கீழே புறநோயாளிகள் கூடத்தில் நின்று பார்த்தபோது அவர் சொன்னது சரி என்றே பட்டது. வரிசை வரிசையாக நாற்காலிகள். நாற்காலிக்கு ஒரு பொக்கை வாய். பல் கட்டிக்கொள்ள வந்தவர்கள், அளவு கொடுக்க வந்தவர்கள், அளவு சரியில்லை என்று சண்டை போட வந்தவர்கள். சுவர் முழுக்கக் கல்லூரி டீனுடைய பெரிய படம். கையில் ஆப்பிள், முகம் நிறையப் பல், கீழே கொட்டை எழுத்தில் வாசகம்: 'அறுபதைத் தாண்டியும் அத்தனையும் சொந்தப் பல்!'

"பல்லில்லாதவங்களைப் பார்க்காதீங்க மாப்பிள்ளை," என்று அத்தை தாழ்ந்த குரலில் சொன்னார். "பல்லில்லாம வந்து, வரிசையில நிக்காமலே பல்லோட போறவங்களைப் பாருங்க."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், வாய் கொள்ளாத சிரிப்போடு, வெள்ளை வெளேர் என்ற பல்லோடு, வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். மாப்பிள்ளை பாய்ந்தார். படிக்கட்டிலேயே அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, அந்தப் பல்லு எங்க கிடைச்சது?"

பெரியவர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்தது. "நல்லா இருக்கா தம்பி? பக்கத்து ரூம்ல டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க இப்பதான் போட்டுவிட்டாங்க. வீட்டுக்காரிகிட்டக் காட்டப் போறேன். சந்தேகமா இருந்தா நீங்களும் போட்டுப் பாருங்களேன்!" என்று வாயில் கையை விட்டுக் கழற்றி, மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

மாப்பிள்ளை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தார். "அது வேற செட் அத்தை, இங்கேயே இப்பதான் போட்டுவிட்டாங்களாம். நான் இனிமே இந்தக் கையால சாப்பிட மாட்டேன்."

கை கழுவ இடம் தேடிப் போன இடத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டார். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவி வழியை மறித்தாள். மூன்றாம் வருஷம் படிக்கிறவள். அன்றைக்கு அவள் ஒரு வாயையாவது அளவெடுத்துக் காட்டியே ஆக வேண்டும். வந்த வாயெல்லாம் மற்றவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.

"அங்கிள், ப்ளீஸ் அங்கிள். வலிக்கவே வலிக்காது. சும்மா வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்தாப் போதும்."

"எனக்கு எல்லாப் பல்லும் இருக்கும்மா."

"பரவாயில்ல அங்கிள், அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

மறுத்துப் பேச வாயைத் திறந்ததுதான் மாப்பிள்ளை செய்த தப்பு. திறந்த வாய்க்குள் இளஞ்சிவப்பு மாவு நிரப்பிய ட்ரே போய் அமர்ந்தது. புதினா வாசனையோடு ஏதோ ஒன்று தொண்டை வரைக்கும் எட்டிப் பார்த்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மூக்கால மூச்சு விடுங்க அங்கிள். மாவு இறுகற வரைக்கும் பேசக் கூடாது. அதுவரைக்கும் நான் பாடம் சொல்லிப் பார்க்கறேன், நாளைக்கு வாய்மொழித் தேர்வு." மாணவி ஒப்பிக்க ஆரம்பித்தாள். "ஒருத்தர் அண்ணம் மாதிரி இன்னொருத்தர் அண்ணம் இருக்காது. அதனால ஒருத்தருக்குச் செஞ்ச பல் செட் இன்னொருத்தர் வாயில நிக்கவே நிக்காது. எங்க மேடம் சொல்லுவாங்க, அடுத்தவங்க செருப்பைப் போட்டுக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடற மாதிரின்னு."

மாப்பிள்ளையின் கண்கள் அகல விரிந்தன. இந்தத் தடவை மாவு காரணம் இல்லை.

அடுத்தவர் வாயில் நிற்காது! ஆனால் திருடன் ஆப்பிளைக் கடித்திருக்கிறான். செட் அசையாமல் நின்றிருக்கிறது. அப்படியென்றால் அது அவன் வாய்க்கே அளவெடுத்துச் செய்த செட்!

வாயில் ட்ரேயோடு எழுந்து ஓடினார். பின்னாலேயே மாணவி ஓடிவந்தாள். கூடத்தின் நடுவில் நின்றிருந்த அத்தையின் முன்னால் போய் நின்று, "ஆ! ஊ ஆ ஆ!" என்றார் மாப்பிள்ளை.

"என்ன மாப்பிள்ளை, வலிக்குதா?"

"ஊஹூம்! ஆ ஊ ஆ!" வாயைக் காட்டினார். மேல்மாடியைக் காட்டினார். எதுவும் புரியவில்லை என்று தெரிந்ததும், குனிந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றி, அத்தையின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்.

கூடமே எழுந்து நின்றுவிட்டது. "மாமியாருக்குச் செருப்பைத் தூக்கறானே, இவன் விளங்குவானா!" என்று ஓர் அம்மாள் பொக்கை வாயால் சாபம் விட்டார். காவலாளி லத்தியோடு வந்தார். மாணவி பாய்ந்து ட்ரேயைப் பிடித்து இழுத்தாள். 'பொளக்' என்ற சத்தத்தோடு அது கழன்று வந்தது.

"அடுத்தவங்க செருப்பு அத்தை!" என்று மூச்சு வாங்கினார் மாப்பிள்ளை. "அடுத்தவங்க பல்லு நம்ம வாயில நிக்காது! அந்தத் தாடைக்குச் சொந்தக்காரன்தான் திருடன்!"

அத்தை காவலாளியைக் கை காட்டி நிறுத்தினார். "நல்ல துப்புதான் மாப்பிள்ளை," என்றார். "இப்ப செருப்பைக் கீழே போடுங்க."

மேலே போய்க் கேட்டபோது பேராசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். "அது எனக்குத் தெரியாதாக்கா? பிறத்தியார் வாயில நிக்காதுதான். என் புதுப் பொருளோட குணத்துல எப்படியோ நின்னிருக்குன்னு நினைச்சேன். ஏன்னா, அந்தத் தாடைக்காரர் உயிரோட இல்லை. ஒரு பொக்கைத் தாடை மாடல் வேணும்னு பல் கட்டற லேப்ல தேடினேன். அலமாரி மூலையில இது கிடந்துச்சு. யாரோடதுன்னு கேட்டேன். செத்துப்போனவரோடதுன்னு டெக்னீஷியன் சொன்னார்."

"செத்தவர் ஆப்பிள் சாப்பிட வந்திருக்காரா?" மாப்பிள்ளை அறையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். "அத்தை, இந்தக் கேஸை வேற யாருக்காவது கொடுத்துடலாமே."

பல் கட்டும் லேப் அடித்தளத்தில் இருந்தது. மெஷின்கள் இரைந்தன. எங்கு பார்த்தாலும் வெள்ளைத் தூள். அதற்கு நடுவில் புருவம் வரைக்கும் வெளுத்துப்போய் டெக்னீஷியன் உட்கார்ந்திருந்தார். அத்தை பிளாஸ்டர் தாடையை அவர் முன்னால் வைத்ததும், அவருடைய முகம் இன்னும் ஒரு சுற்று வெளுத்தது.

"இவர் எப்படிச் செத்தார் தம்பி?"

"மாரடைப்புங்க."

"ஐயோ பாவம். எங்க வச்சு?"

"ஆத்துல குளிக்கறப்ப... இழுத்துட்டுப் போயிடுச்சுங்க."

"வீட்டுல எல்லாரும் துடிச்சிருப்பாங்களே?"

"ஆமாங்க. லாரிக்காரனை அடிக்கவே போயிட்டாங்க."

அத்தை பொறுமையாகத் தலையாட்டினார். "ஒரே ஆளு எத்தனை தடவை தம்பி சாவாரு? ரயில்ல டிக்கெட் இல்லாதவன் சொல்ற கதையே இதைவிட நல்லா இருக்கும்."

டெக்னீஷியன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கூப்பிய கையிலிருந்து தூள் பறந்தது. "அம்மா, வாக்குக் கொடுத்திருக்கேன்மா. அது யாருன்னு என் வாயால வராது. சொன்னா வேலை போயிடும்."

"ரொம்ப நன்றி. சொல்லிட்டீங்க," என்று அத்தை எழுந்துகொண்டார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை அத்தையின் பின்னாலேயே ஓடினார். "என்ன சொல்லிட்டாரு? ஒண்ணும் சொல்லலையே?"

"செத்தவரால யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது மாப்பிள்ளை."

முகாம் நடந்த கூடத்தின் வாசலில் பியூன் உட்கார்ந்து ஆப்பிள் விநியோகித்துக்கொண்டிருந்தார். உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் தரையில் அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு ஆப்பிளிலும் சிரிக்கிற பல்லின் ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும் அத்தையின் நடை நின்றது.

"இந்தப் பெட்டி எப்ப வந்துச்சு?"

"நேத்தே வந்துடுச்சும்மா. நம்ம பசங்க ஸ்டிக்கர் ஒட்டி வச்சாங்க. வெளியில இருந்தா ஆளுக்கு ஒண்ணு தின்னுடுவாங்கன்னு டீன் சார் தன் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாரு. இப்பதான் சாவி கொடுத்தாரு."

மாப்பிள்ளைக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. புரியவும் பயமாக இருந்தது.

"காலையில டீன் எப்படி இருந்தாரு?" என்று அத்தை கேட்டார்.

பியூன் யோசித்தார். "அதை ஏன்மா கேக்கறீங்க! வந்ததும் வராததுமா என்னைத் திட்டினாரு. தினமும் திட்டறவருதான். ஆனா ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழும், திட்டு வாங்கறதுக்கே ஒரு மரியாதையா இருக்கும். இன்னிக்கு வாயில கர்ச்சீப்பை வச்சுக்கிட்டு 'பெப்பெப்பே'ன்னு திட்டினாரு. எதுக்குத் திட்டினாருன்னே தெரியலை. மனசே சரியில்லை எனக்கு."

கூடத்துக்குள்ளிருந்து டீனுடைய குரல் கணீர் என்று வந்தது. "செல்லங்களே! சர்க்கரை சாப்பிட்டால் சொத்தை! சொத்தை வந்தால் சோகம்!" ஒரு 'ச'கூடப் பிசிறவில்லை.

"அத்தை," என்றார் மாப்பிள்ளை. "சுவத்துல அவ்வளவு பெரிசா எழுதியிருக்கே, அத்தனையும் சொந்தப் பல்லுன்னு..."

"டிக்கெட் வாங்கினவன் அதை நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியமாட்டான் மாப்பிள்ளை. பேராசிரியையைக் கூட்டிக்கிட்டு வாங்க."

பேச்சு முடிந்து, மாணவர்கள் பல் துலக்கும் பாட்டுக்கு ஆட ஆரம்பித்ததும், அத்தை மேடையின் பின்பக்கம் போய் டீனிடம் கடித்த ஆப்பிளை நீட்டினார். டீன் ஆப்பிளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு ஒரு பழைய பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"காலையில என் பழைய செட் ரெண்டாப் போச்சும்மா. டெக்னீஷியன் அப்ப இன்னும் வந்திருக்கலை. வெளியில பஸ்ஸு பஸ்ஸா குழந்தைங்க. இத்தனை வருஷமா ஒவ்வொரு வகுப்புலயும், சொந்தப் பல்லு சொந்தப் பல்லுன்னு மார்தட்டியிருக்கேன். அந்தத் தாடையை ஆராய்ச்சிக்கூடத்துல முதல்ல பார்த்தப்பவே எனக்கு வேர்த்துப்போச்சு. கண்ணாடியில என்னையே பார்க்கற மாதிரி இருந்துச்சு. கேட்டு வாங்கினா விஷயம் வெளியில வந்துடும். அதான் எடுத்து மாட்டிக்கிட்டேன். பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்த ஆப்பிளைக் கடிச்சுப் பார்த்தேன், காலடிச் சத்தம் கேட்டுச்சு, ஓடிட்டேன். சாயந்திரம் திருப்பி வச்சிடலாம்னு இருந்தேன். மதியம் குழு வருதுங்கறது இந்தப் பதட்டத்துல சுத்தமா மறந்துபோச்சு."

அதற்குள் பேராசிரியை வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. டீன் கர்ச்சீப்பை எடுத்து விரித்து, வாய்க்குக் கையைக் கொண்டுபோனார். "மன்னிச்சிடும்மா. இதோ, கழட்டிக் கொடுத்திடறேன்."

"கழட்டாதீங்க சார்!" என்று பேராசிரியை அலறினார்.

எல்லோரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள்.

"காலையிலேர்ந்து போட்டிருக்கீங்களா? பேசினீங்களா? நழுவவே இல்லையா?"

"இல்லையேம்மா. நடுவுல பிள்ளைங்க அடம்பிடிச்சாங்கன்னு இன்னொரு ஆப்பிளையும் கடிச்சுக் காட்டினேன். தும்மல்கூட வந்துச்சு. பாறை மாதிரி நின்னுச்சு."

பேராசிரியை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். "போட்டுப் பார்க்க ஒரு ஆளு கிடைக்கமாட்டாங்களான்னு எத்தனை பேர்கிட்டக் கெஞ்சியிருப்பேன் தெரியுமா சார்? ஒருத்தர்கூட ஒத்துக்கலை!"

"திருட்டுக் கொடுத்தவங்க இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை," என்றார் மாப்பிள்ளை.

சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. ஆய்வுக் குழு சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து கூடத்தின் முன்வரிசையில் அமர்ந்துவிட்டது. குழுவின் தலைவி உதட்டைப் பிரிக்காமலே பேசுகிறவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பேராசிரியையைப் பிள்ளைகளுக்கு எதிரிலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

"மனுஷங்க யாருக்காவது போட்டுப் பார்த்தீங்களா?"

பேராசிரியை மேடை ஓரம் நின்ற டீனைப் பார்த்தார். டீன் தரையைப் பார்த்தார். பேராசிரியை மெல்லத் தலையைக் குனிந்துகொண்டார். "என்னால சொல்ல முடியாதுங்க," என்றார்.

மாப்பிள்ளை பொறுக்க மாட்டாமல் நெருங்கி வந்தார். அத்தையின் காதில், "நாம சொல்லிடலாமா?" என்றார். அத்தை வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவர் பார்வை டீனை விட்டு நகரவில்லை.

"அப்போ அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்று தலைவி எழுந்தார்.

"உட்காருங்கம்மா," என்றது மைக். டீன் மேடையின் நடுவுக்கு வந்திருந்தார். "போட்டுப் பார்த்தாச்சு. நான்தான் பார்த்தேன்."

"நீங்களா? உங்களுக்குத்தான் அத்தனையும் சொந்தப்..."

டீன் வாய்க்குள் கையை விட்டார். ஒரு இழு இழுத்தார். மேலும் கீழும் வெளியே வந்தன. பொக்கை வாயை மைக்கிடம் கொண்டுபோய், கூடம் முழுவதையும் பார்த்து உரக்கச் சொன்னார்.

"இப்பு எம் பப்பு இப்ப!"

கூடம் சிரிப்பில் வெடித்தது. பிள்ளைகள் தரையில் உருண்டார்கள். டீன் செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மணியடித்த மாதிரி குரல் வந்தது. "இது என் பல்லு இல்ல! என் பல்லெல்லாம் எப்பவோ போயாச்சு! துலக்காம விட்டேன், போச்சு!"

"மறுபடியும்! மறுபடியும்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். டீன் மறுபடியும் கழற்றினார். "இப்பு எம் பப்பு இப்ப!" மறுபடியும் மாட்டினார். முன்வரிசைப் பெண் குழந்தை ஒன்று எழுந்து, முன்பல் விழுந்த தன் வாயை ஈயென்று காட்டி, "தாத்தா, எனக்கும் இப்ப!" என்றது. டீன் அவளுக்கு மேடையிலிருந்தே கும்பிடு போட்டார். பியூன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைத்தான்யா காலையில சொல்லியிருக்காரு," என்றார்.

குழுத் தலைவி அசையவில்லை. "ஆராய்ச்சின்னா சம்பந்தப்பட்டவரோட சம்மதம் வேணும். இவர்கிட்ட முறைப்படி சம்மதம் வாங்கினீங்களா?"

"திருடினதே நான்தான்மா," என்றார் டீன் மைக்கில். "இதுக்கு மேல என்ன சம்மதம்?"

தலைவி பேராசிரியையைக் கையசைத்துத் தன் அருகில் கூப்பிட்டார். உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு, அவருடைய காதில் ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். பேராசிரியையின் கண்கள் மெல்ல மெல்ல விரிந்தன. அவர் தள்ளாடியபடி நடந்துவந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க?" என்று மாப்பிள்ளை பதறினார். "மூடிட்டாங்களா?"

"இல்ல," என்றார் பேராசிரியை. "அவங்களுக்கு எப்ப அளவெடுக்கறேன்னு கேக்கறாங்க."